சிப்பிப்பாறை நாய்: கட்டினால் ஊளை, அவிழ்த்தால் அடுத்த ஊர். டெல்டாவில் வளர்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கோரையாறு | பிப்ரவரி 11, இரவு 9.40

வணக்கம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. போன ஜூலையில் சாத்தூர் பக்கம் போய் ஒரு சிப்பிப்பாறை ஆண்குட்டி வாங்கி வந்தேன். செவலை நிறம், பெயரும் செவலைதான். இப்போது ஒன்பது மாதம் முடிகிறது. ஐந்து மாதம் வரை பரமசாது. இப்போது அவனால் தினமும் வீட்டில் சண்டை.

பகலில் மாட்டுக்கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டுகிறேன். கட்டினால் ஊளை. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, அவர்கள் சொல்வதும் நியாயம். இதுவரை போனவை: அப்பாவின் செருப்பு மூன்று ஜோடி, மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் குழாய், வைத்து ஒரு வருடம் ஆன தென்னங்கன்று. அவிழ்த்துவிட்டால் ஐந்தடி மதிலை ஒரே தாவு. சம்பா அறுப்பு முடிந்து கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. கொக்கு பறந்தாலும் ஓட்டம், கன்றுக்குட்டி துள்ளினாலும் ஓட்டம். தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி வந்து வாலாட்டுவான்.

காலையில் பால், மதியம் தயிர்சாதம், இரவு வீட்டில் மீந்தது, ஞாயிறு கோழி எலும்பு. விலா எலும்பு தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாம் "நாய்க்குச் சோறு போடுவீர்களா மாட்டீர்களா" என்று கேட்கிறார்கள். சாப்பாட்டில் தப்பா, இனத்தின் குணமே இதுதானா, இல்லை நான்தான் கெடுத்துவிட்டேனா?

உளுந்துவயல் | பிப்ரவரி 11, இரவு 10.15

நம் ஊருக்கு இந்த நாயெல்லாம் சரிப்படாது தம்பி. வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிட்டு, தெருவில் கிடக்கும் குட்டி ஒன்றை எடுத்து வளர்த்துப் பாருங்கள். தோப்பையும் காக்கும், மீந்த சோற்றையும் குறை சொல்லாமல் தின்னும்.

கரிசல்காடு | பிப்ரவரி 12, காலை 6.05

கோவில்பட்டிப் பக்கம் நான். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இந்த நாய்கள் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் நாய்க்குக் கேடு எதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் இந்த இனத்தின் இலட்சணம். இது மோப்பம் பிடித்துப் போகிற நாய் இல்லை, கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். அசைகிற பொருள் கண்ணில் பட்டதும் கால் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் உங்கள் குரல் அதற்குக் கேட்காது. கேட்காத மாதிரி நடிக்கிறது என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே அந்த நேரத்தில் அதன் உலகத்தில் நீங்கள் கிடையாது. எங்கள் பக்கம் கரிசல் பூமியில் நடுவில் உடைமரமும் கள்ளியும் மறிக்கும். உங்கள் ஊரில் அறுத்த வயல் மைதானம் மாதிரி கிடக்கிறது. அவனுக்குத் திருவிழாதான்.

அடுத்தது சங்கிலி. ஒரு நாளில் பத்து மணி நேரம் கட்டிப்போட்ட சிப்பிப்பாறை ஒன்று பைத்தியமாகும், இல்லையென்றால் பயந்தாங்கொள்ளியாகும். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். அதட்டலும் ஆகாது. ராஜபாளையத்தை ஒரு அதட்டுப் போட்டால் முறைத்துவிட்டு மறந்துவிடும். இது அப்படியில்லை, மூலையில் போய்ச் சுருண்டுகொண்டு இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்க்காது. தொட்டாற்சிணுங்கி. அடித்து வளர்த்தவர்கள் யாரும் இதில் நல்ல நாயைப் பார்த்ததில்லை.

கழுத்துப்பட்டை என்ன போட்டிருக்கிறீர்கள்? இவற்றுக்குத் தலை ஒல்லி, கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே கனம். சாதாரணப் பட்டை என்றால் ஒரு எட்டு பின்வாங்கியதும் கழன்று கையோடு வந்துவிடும். மூன்று விரல் அகலத்துக்குத் தோல்பட்டை தைத்துக்கொள்ளுங்கள், இழுத்தால் கொஞ்சம் இறுகுகிற மாதிரி.

பால், தயிர்சாதம் பற்றி யாராவது திட்டுவார்கள். நான் திட்டவில்லை, எங்கள் ஊரிலும் கம்பங்கூழும் மோரும் ஊற்றித்தான் வளர்த்தார்கள். ஆனால் அந்தக் காலத்து நாய் காட்டில் தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துத் தின்றது. உங்களவனுக்கு அது கிடையாது.

பாபநாசம்_வடகரை | பிப்ரவரி 12, காலை 8.20

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ராத்திரி ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு கொள்ளிடக்கரைப் பக்கம் கூட்டிப்போங்கள், முயல் கிடக்கும். வாரம் ஒருமுறை வேட்டை காட்டினால் நாய் தானாக அடங்கும். வேட்டை நாயை வாங்கி மாடு கட்டுகிற மாதிரிக் கட்டினால் கத்தாமல் என்ன செய்யும்?

நெறியாளர் | பிப்ரவரி 12, காலை 9.00

முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயை ஏவிப் பிடித்தாலும் வேட்டைதான். மேலே உள்ள பதிவை நீக்கவில்லை, ஆனால் இந்தப் பேச்சு இத்தோடு நிற்கட்டும். துரத்தும் ஆசைக்கு வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

டபீர்தெரு | பிப்ரவரி 12, மதியம் 2.30

வேறு வழி நான் சொல்கிறேன். கும்பகோணத்தில் நடு ஊரில், முன்வாசலும் கொல்லையும் தவிர நிலமே இல்லாத வீட்டில், ஆறு வருடமாகக் கன்னி இனப் பெண்நாய் ஒன்று வளர்க்கிறேன். கன்னி வேறு சிப்பிப்பாறை வேறு என்பார்கள், கறுப்பில் கால் பழுப்பாக இருந்தால் கன்னி என்பார்கள், ரெண்டும் ஒன்றே என்று சண்டையும் போடுவார்கள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். குணம் ஒன்றுதான்.

ஏழடி மூங்கில் கழி ஒன்று. நுனியில் அதே நீளத்துக்குக் கயிறு. கயிற்று முனையில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிக் கட்டுங்கள். நீங்கள் நடுவில் நின்றுகொண்டு கழியைச் சுழற்றினால் துண்டு தரையோடு ஓடும், நாய் அதைத் துரத்தும். மொட்டைமாடியில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். நடுநடுவே பிடிக்கவிட வேண்டும், இல்லையென்றால் வெறுத்துவிடும். "உட்கார்" என்று சொல்லி உட்கார்ந்தால்தான் துண்டு மறுபடி ஓடும் என்று பழக்கினேன். எங்கள் மாடிச்சுவர் உயரம், உங்களுடையது குட்டையாக இருந்தால் மாடியில் வேண்டாம், களத்தில் செய்யுங்கள். ஒரு மணி நேரம் கையில் பிடித்து நடந்தாலும் தீராத துடிப்பு இதில் தீர்கிறது. விடிகாலையில் ஐந்து மணிக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு நடையும் உண்டு, அது எனக்காக.

மிச்ச நேரம்? தூங்குவாள். இந்த நாய்களைப் பற்றி யாரும் சொல்லாத விஷயம் அதுதான். ஓடி முடித்துவிட்டால் பதினாறு மணி நேரம் தூங்குகிற சோம்பேறி. எங்கள் சோபாவில் எனக்கே இடமில்லை.

ஊர்க்குருவி | பிப்ரவரி 12, மாலை 5.10

பெருமையான இனம் சார், தபால்தலையே வந்திருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

கரிசல்காடு | பிப்ரவரி 12, மாலை 6.45

2005 ஜனவரியில் வந்த தபால்தலையில் இருப்பது ராஜபாளையம். கூடவே முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுநாய். சிப்பிப்பாறை அதில் இல்லை. எங்கள் நாய்க்குப் பெயர் கிடைத்தது 2020 ஆகஸ்ட்டில், பிரதமர் வானொலியில் நாட்டு இனங்களின் பெயரைச் சொன்னபோது. அதற்கப்புறம் எங்கள் பக்கம் திடீரென்று வீட்டுக்கு வீடு "அசல் சிப்பிப்பாறை" குட்டி போட ஆரம்பித்துவிட்டது. ஒல்லியாக இருந்தால் சிப்பிப்பாறை, வெள்ளையாக இருந்தால் ராஜபாளையம். வாங்குகிறவர்கள் தாய் தகப்பன் இரண்டையும் நேரில் பாருங்கள். வெள்ளைக் குட்டி என்றால் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள், காது கேட்காத குட்டிகள் வெள்ளையில் வரும்.

ஊசிமருந்து | பிப்ரவரி 13, இரவு 8.50

நான் கால்நடை மருத்துவர், தஞ்சை மாவட்டம். இங்கே மருந்தளவு எழுத மாட்டேன், பொதுவாகச் சில மட்டும்.

விலா. இந்த மாதிரி வேட்டை இனங்களில் இரண்டு மூன்று விலா கண்ணுக்குத் தெரிவது இயல்பு. இடுப்பெலும்பும் முதுகுத்தண்டின் முனைகளும் துருத்திக்கொண்டு தெரிந்தால்தான் குறை. ஆனால் தயிர்சாதம் மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கோழி, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் தினமும் வேண்டும். வெந்த கோழி எலும்பை இன்றோடு நிறுத்துங்கள். வெந்த எலும்பு குச்சி மாதிரி முறிந்து குடலைக் குத்தும்.

ஓட்டம். பைக்கில் கட்டி ஓடவிடலாமா என்று எனக்குத் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். ஒன்றரை வயதுக்கு முன்னால் கூடவே கூடாது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூட ஒரு வயது, சில நாய்களில் அதற்கும் மேல் ஆகும். தானாக விளையாடி ஓடுவது வேறு, வண்டி வேகத்துக்கு இழுபடுவது வேறு. பெரிய நாயாக இருந்தாலும் நம் ஊர் வெயிலில் தார்ச்சாலையில் அந்த வேலை வேண்டாம். புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

மார்பு ஆழமான நாய் இது. வயிறு நிறையத் தின்றதும் ஓடவிடாதீர்கள். வயிறு மத்தளம் மாதிரி உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவித்தால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வயிறு முறுக்கிக்கொண்டிருக்கும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

கருத்தடை செய்யும் எண்ணம் இருந்தால் என்ன இனம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கொழுப்பே இல்லாத கிரேஹவுண்ட் வகை உடம்புகளில் சில பழைய மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரம் பிடிக்கும். மாற்று மருந்து இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

கோரையாறு | பிப்ரவரி 27, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. தோல்பட்டை மன்னார்குடியில் சொல்லித் தைத்தாயிற்று. கழிக்கயிறு வேலை செய்கிறது. ஆனால் நான் நல்ல செய்தியோடு வரவில்லை.

போன திங்கள்கிழமை, பட்டை மாற்றும் அந்த அரை நிமிடத்தில் கையை உதறிக்கொண்டு போய்விட்டான். அறுத்த வயல்களில் வாத்து மேய்க்க வந்திருந்தார்கள். ஆயிரத்துக்கு மேல் வாத்து இருக்கும். அதற்குள் போய் விழுந்தான். மொத்தமும் கலைந்து நாலா பக்கமும் வாய்க்காலில் இறங்கிவிட்டது. மூன்று செத்துப்போயின. அவன் ஒன்றையும் தின்னவில்லை, ஒவ்வொன்றாகப் பிடித்து உதறிப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தினான். எனக்கு அதுதான் அதிர்ச்சியாக இருந்தது.

வாத்துக்காரர் பெரியவர். கையில் கழியோடு நின்றார், ஆனால் நாயை அடிக்கவில்லை. என்னைத்தான் அடிப்பார் என்று நினைத்தேன். 1,500 ரூபாய் கொடுத்தேன். கலைந்ததைச் சேர்க்க இருட்டும் வரை நானும் அவர்களோடு சேற்றில் நடந்தேன். அப்பா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: இனி ஒருமுறை நடந்தால் நாய் வீட்டில் இருக்காது.

உளுந்துவயல் | பிப்ரவரி 27, இரவு 9.40

நான் முதல் நாளே சொன்னேன்.

டபீர்தெரு | பிப்ரவரி 28, காலை 7.00

சொல்லிக்காட்ட இது நேரமா அண்ணே? கோரையாறு தம்பி, தின்னாமல் உதறிப் போட்டது வெறியில்லை. துரத்துவதுதான் அவனுக்குப் பசி. வீட்டுக்குள் எப்போதும் அவிழ்த்துவிடுங்கள், வெளியே எப்போதும் முப்பதடிக் கயிறு. நீங்கள் இதுவரை இரண்டையும் தலைகீழாகச் செய்துவந்திருக்கிறீர்கள்.

கோரையாறு | மே 9, மாலை 6.30

டபீர்தெரு அக்கா சொன்னதுதான் திருப்பம். கொட்டகைச் சங்கிலியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் விட்டோம். ஊளை இரண்டாவது வாரமே நின்றது. அம்மாதான் எதிர்த்துக்கொண்டிருந்தார், இப்போது அம்மாவின் கட்டிலுக்கடியில்தான் மதியத் தூக்கம். கொல்லைப்பக்கம் பழைய மீன்வலையை மதிலுக்கு மேல் மூன்றடி உயர்த்திக் கட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம், ஆனால் தாண்டவில்லை.

கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். பெரிய கீதாரி அவனைப் பார்த்ததும், "கயித்தோட தினமும் கிடைக்குப் பக்கத்தில உட்காத்தி வைய்யி. பாத்துப் பாத்து அலுத்துப் போகட்டும்" என்றார். பதினெட்டு நாள், மாலையில் ஒரு மணி நேரம், ஆடுகளிலிருந்து ஐம்பதடி தள்ளி அவனோடு வரப்பில் உட்கார்ந்தேன். முதல் நாள் உடம்பு முழுக்க நடுக்கம். கடைசி நாட்களில் கொட்டாவி விட்டான். கயிற்றை அவிழ்க்கும் தைரியம் எனக்கு இன்னும் இல்லை.

கரிசல்காடு | மே 9, இரவு 8.00

அவிழ்க்காதீர்கள். கொட்டாவியை நம்பி ஆட்டைப் பறிகொடுத்தவன் நான்.

பாமணியாறு | அக்டோபர் 6, காலை 10.20

பழைய இழையை மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும், மழைக்காலம் தொடங்குவதால் எழுதுகிறேன். சம்பா வயல் பக்கம் நாயை அழைத்துப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். நான் இரண்டிலும் அடிபட்டவன்.

ஒன்று கிட்டி, அதாவது எலிப்பொறி. பயிர் சூல்கட்டும் நேரத்தில் எலிக்கு மூங்கில் கிட்டி சாயங்காலம் வைத்துவிட்டுக் காலையில் எடுப்பார்கள். நாம் நாயோடு போகிற நேரமும் அதே விடிகாலைதான். என் நாயின் முன்னங்கால் விரல் மாட்டி, கத்திக்கொண்டு கிட்டியோடு ஓடியது. கிட்டி வைக்கிறவரிடம் எந்த வயல் என்று கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லுவார்.

இரண்டாவது எலிமருந்து. கறுப்புப் பொடியைப் பொரியிலோ அரிசியிலோ பிசைந்து வரப்பில் வைப்பது. என் முந்தைய நாய் அதைத் தின்றது. ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள் என்று பால் ஊற்றினேன், உப்புத்தண்ணீர் கொடுத்தேன், அரை மணி நேரம் அதில் போனது. மன்னார்குடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டியிலேயே முடிந்துவிட்டது. இதை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

ஊசிமருந்து | அக்டோபர் 6, இரவு 9.30

பாமணியாறு, வருத்தமாக இருக்கிறது. மற்றவர்களுக்காக: அந்தக் கறுப்புப் பொடி துத்தநாகப் பாஸ்பைடு. வயிற்று அமிலத்தோடு சேர்ந்ததும் விஷவாயுவாக மாறுகிறது. உணவு உள்ளே போனால் அமிலம் இன்னும் சுரக்கும். அதனால் பால், சோறு, முட்டை எதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனை, வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு. இதற்கு முறிமருந்து கிடையாது, நேரம் மட்டும்தான் உண்டு. கடையில் விற்கும் கட்டி மருந்து வேறு வகை. அதில் நாய் நாலைந்து நாள் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் உள்ளே ரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே1 இருக்கிறது, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். மருந்தின் உறையைக் கையோடு எடுத்து வாருங்கள்.

எலிக்காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீர் வழியாக நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நம் வயல்வெளியில் இதற்கான தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அரசு கால்நடை மருந்தகத்திலேயே போட்டுக்கொள்ளலாம், ஜூலை 6ஆம் தேதியையொட்டி இலவச முகாமும் நடக்கும்.

கோரையாறு | நவம்பர் 3, காலை 6.10

டாக்டர் சார், அவசரம். மூன்று நாளாகச் செவலை சரியாகச் சாப்பிடவில்லை. கழியைக் காட்டினால்கூட எழுந்திருக்கவில்லை. நேற்று உள்ளூரில் ஒருவர் காய்ச்சல் ஊசி போட்டார். இன்று விடிகாலை மூக்கில் லேசாக ரத்தம். ஈறு வெளுத்திருக்கிறது. காதுக்குள் உண்ணிகள் இருந்தன, மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்தைத் தடவலாமா?

ஊசிமருந்து | நவம்பர் 3, காலை 6.25

எதையும் தடவாதீர்கள். இப்போதே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்புங்கள். ரத்தப் பரிசோதனை, தட்டணுக்களின் எண்ணிக்கை இரண்டும் வேண்டும்.

கோரையாறு | நவம்பர் 6, இரவு 10.00

உண்ணியால் வந்த காய்ச்சல்தான். எர்லிக்கியா என்றார்கள். தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தன. காய்ச்சல் 104.6 இருந்தது. டாக்சிசைக்ளின் 28 நாள் எழுதியிருக்கிறார்கள். நேற்று கஞ்சி குடித்தான், இன்று முட்டை தின்றான். ஊரில் ஸ்க்ரப் டைபஸை உண்ணிக்காய்ச்சல் என்பார்களே, அது இவனிடமிருந்து எங்களுக்கு வருமா என்று அம்மா பயப்படுகிறார்.

ஊசிமருந்து | நவம்பர் 7, இரவு 9.00

அது வேறு, இது வேறு. ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது புதரில் இருக்கும் நுண்சிலந்தியின் குஞ்சு. இது நாய் உண்ணி, நோயைப் பரப்புவது அந்த உண்ணிதான், செவலை அம்மாவுக்கு நேரடியாக எதுவும் கொடுத்துவிட மாட்டான். நிம்மதியாகக் கட்டிலுக்கடியில் படுக்கட்டும்.

இரண்டு விஷயம். பத்தாவது நாள் அவன் துள்ளிக் குதிப்பான், மாத்திரையை நிறுத்தத் தோன்றும், 28 நாளும் கொடுங்கள், சாப்பாட்டோடு கொடுங்கள். அடுத்தது, நாயின் மேல் நீங்கள் பார்க்கிற உண்ணி கொஞ்சம்தான். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கீற்று இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கொட்டகையின் விரிசல்களைப் பூசுங்கள். நாய்க்கு மூன்று மாதம் நிற்கும் மாத்திரையை எடை பார்த்து வாங்குங்கள். விலை அதிகம்தான், இந்த வாரம் நீங்கள் செலவழித்ததைவிடக் குறைவு.

கோரையாறு | ஜனவரி 22, மாலை 7.20

கேட்டவர்களுக்காக: செவலை நன்றாக இருக்கிறான். 28 நாளும் முடிந்து, மறுபரிசோதனையில் தட்டணுக்கள் சரியாகிவிட்டன. கொட்டகை பூசியாயிற்று. மார்கழிப் பனிக்கு நடுங்கினான், தோலும் மயிரும் அவ்வளவு மெல்லிசு. அம்மா சணல் சாக்கில் சட்டை தைத்துப் போட்டார், தெருவே சிரித்தது. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஆற்றங்கரை மேட்டில் கயிறோடு நடை, களத்தில் கழி. அப்பா இப்போதும் அவனைத் திட்டுகிறார், ஆனால் பெயர் சொல்லித் திட்டுகிறார்.

அறுப்பு தொடங்கியதும் வாத்துகள் வந்துவிட்டன. அதே பெரியவர். நாங்கள் ஆற்றங்கரையில் நின்றோம், செவலை கயிறு விறைக்க நின்றான், காது இரண்டும் நட்டுக்கொண்டு. நடுங்கினான், ஆனால் "உட்கார்" என்றதும் உட்கார்ந்தான். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நீ மூணு வாத்துக்காரந்தானே?" என்றார். ஆமாம் என்றேன். நாய்க்கு இப்போது என்ன தீனி என்று கேட்டார். தினம் ஒரு முட்டை என்றேன். ஒரு டஜன் வாத்து முட்டையை வைக்கோலில் சுற்றிக் கொடுத்தார். விலை கொஞ்சம் கூடத்தான் சொன்னார். நான் பேரம் பேசவில்லை.